பன்னிரண்டு கிழமையும் ஒரு செருப்பும்

குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் பக்கத்தில் டெனிஸ்ரன் நடத்தும் படகு எஞ்சின் பட்டறையை அன்று காலை பார்த்தவர்கள், உள்ளே ஏதோ கலியாணம் என்றுதான் நினைத்திருப்பார்கள். நிலம் கழுவியிருந்தது. நட்டுக் கழற்றும் சாவிகள் அளவுவாரியாகச் சுவரில் தொங்கின. பதினைந்து வருடமாக வெறுங்காலோடு எஞ்சின் கழற்றிய மனிதர், இறுக்கமான புதுச் சப்பாத்துக்குள் நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் பிரியவதனியின் வேலை. இயந்திரப் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறவள். கூடப் படிப்பவர்கள் பன்னிரண்டு வாரப் பயிற்சிக்கென்று கொழும்புத் தொழிற்சாலைகளுக்குப் பறந்தபோது, இவள் மட்டும் வேலணையில் இருக்கும் தன் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரக்கூடிய இந்தப் பட்டறையைக் கேட்டாள். சிரிக்காதவர்கள் குறைவு. பயிற்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளர் சுதாகரன் சேர் சிரிக்கவில்லை. அதைவிட மோசமாக, யோசித்தார்.

"செய்யும். முடியிற நேரம் நான் வந்து பார்ப்பன். பட்டறை சரியில்லை எண்டால் பன்னிரண்டு கிழமையும் கணக்கிலை எடுக்க ஏலாது. அடுத்த வருசம் திரும்பச் செய்யவேணும்."

திரும்பச் செய்வதென்றால் பட்டம் ஒரு வருடம் பிந்தும். அந்தப் பயத்தில்தான், சேர் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் யாகப்பு அண்ணையின் படகையும் அவள் விட்டுவைக்கவில்லை. டெனிஸ்ரனும் அவளும் சேர்ந்து எஞ்சினைப் புதுப்பித்த படகு அது. சேருக்கு ஓட்டிக் காட்டப்போவதும் அதைத்தான். மூலைமுடுக்கெல்லாம் துடைத்தாள். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் குழாய்க்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பழைய செருப்புத் துண்டு செருகிக் கிடந்தது. இழுத்தெடுத்துக் குப்பையில் எறிந்தாள். எறிந்துவிட்டுப் பெருமைப்படவும் செய்தாள், அதுதான் கொடுமை.

சேர் ஒன்பது மணி பஸ்ஸில் வந்திறங்கினார். காலில் ரப்பர் செருப்பு.

"அப்பிடியே நயினாதீவுக் கோயிலுக்கும் போவம் எண்டு வெளிக்கிட்டனான்," என்றார், யாரும் கேட்காமலே. பாதுகாப்புச் சப்பாத்துப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுகிறவர் அவர்.

நாலு பேருமாகப் படகில் ஏறினார்கள். எஞ்சின் முதல் இழுவையிலேயே பிடித்தது. சேர் தலையாட்டினார். பிரியவதனிக்கு மனசு நிறைந்துபோயிற்று. துறை தாண்டி யாகப்பு வேகத்தைக் கூட்டியதும், கீழே தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. படகே நடுங்கியது. குறைத்தால் சத்தம் நின்றது. ஆனால் சோளகக் காற்று எதிரே நின்று தள்ள, அந்த வேகத்துக்குப் படகு முன்னால் போக மறுத்தது.

"என்ன டெனிஸ்ரன், இதுதான் உம்மடை வேலையோ?" யாகப்பு எரிந்து விழுந்தார். "கழட்டமுந்தி இப்பிடி ஒரு நாளும் அடிக்கேல்லை."

டெனிஸ்ரன் குனிந்து பார்த்தார். கடல்நீர்க் குழாய் பலகையில் துள்ளித் துள்ளி அடித்துக்கொண்டிருந்தது. செருப்புத் துண்டு இருந்த இடம் வெறுமை. அவர் பிரியவதனியை ஒரு தடவை பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "என்ர பிழைதான் அண்ணை, பூட்டேக்கை கவனிக்கேல்லை," என்றார்.

சேரின் பேனை, பட்டறையைப் பற்றி அவர் நிரப்பவேண்டிய படிவத்தின் மேல் நின்றது. இன்னும் ஒரு வசனம் எழுதினால் பட்டறை முடிந்தது. அவள் வருடமும் முடிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் தனக்காகப் பொய் சொல்லும் மனிதருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டெனிஸ்ரன் அண்ணையின்ர பிழை இல்லை சேர். அதிலை ஒரு செருப்புத் துண்டு இருந்தது. நீங்கள் வாறீங்கள் எண்டு துப்புரவாக்கேக்கை நான்தான் எடுத்தெறிஞ்சனான். குப்பை எண்டு நினைச்சிட்டன்."

"ஒரு செருப்புத் துண்டுக்கு இவ்வளவு சத்தமோ?"

"குழாய்க்கும் ஆடுறதுக்கு ஒரு சொந்த வேகம் இருக்கு சேர். எஞ்சின் அதிர்வு அதோடை பொருந்தேக்கை குழாய் துள்ளத் தொடங்குது. அதாலைதான் இந்த வேகத்துக்கு வரேக்கை அடிக்குது. றப்பர் அதை அமத்தி வைச்சிருந்தது. இப்பிடியே ஓடினால் மூட்டு விட்டிடும், தண்ணி வராது, எஞ்சின் சூடாகும்."

"சரி, இப்ப என்ன செய்யப்போறீர்?"

அவள் சுற்றிப் பார்த்தாள். யாகப்பு வெறுங்கால். டெனிஸ்ரனுக்கு அவளே வற்புறுத்தி மாட்டிய தோல் சப்பாத்து. அவளுக்கும் அதே. பார்வை கடைசியில் போய் நின்ற இடத்தைச் சேரும் பார்த்தார்.

"இடது காலோ, வலது காலோ?" என்றார்.

இடது செருப்பைக் கத்தியால் வெட்டி, மடித்து, அவளே குனிந்து செருகினாள். யாகப்பு வேகத்தைக் கூட்டினார். எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. நயினாதீவு வரும்வரை யாகப்பு ஒருவர்தான் இடைவிடாமல் சிரித்தார்.

கோயிலில் எல்லாரும் வெறுங்கால். சேரின் குறை யாருக்கும் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்து படகில் உட்கார்ந்தவர், அவளுடைய பயிற்சிக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"இண்டையான் பக்கத்திலை நீர் விட்ட பிழையை எழுதும். பிறகு திருத்தினதை எழுதும். அதுக்குக் கீழை கையெழுத்து வைக்கிறன்."

எழுதினாள். படகு ஓடியும் எழுத்துக் கோணவில்லை. சேர் கையெழுத்து வைத்தார். பிறகு படிவத்தை எடுத்து, 'இந்தப் பட்டறைக்கு அடுத்த வருடம் இருவரை அனுப்பலாம்' என்று எழுதி டெனிஸ்ரனிடம் நீட்டினார். டெனிஸ்ரன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, குனிந்து புதுச் சப்பாத்தைக் கழற்றி, "போட்டுக்கொண்டு போங்கோ சேர்," என்றார்.

துறையில் சேர் அந்தச் சப்பாத்தோடு பஸ் ஏறினார். தனித்துப்போன வலது செருப்பை ஏறுமுன் பிரியவதனியிடம் கொடுத்திருந்தார். அவள் அதைத் துடைத்து, பட்டறைச் சுவரில் சாவிகளுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.