பதர் குடித்த கார்

ஷகீலின் கார் ஓடிய தூரத்தைவிட, அதைப் பற்றி ஷகீல் பேசிய தூரம் அதிகம். உத்திரமேரூர் கடைத்தெருவில் பைப்பும் குழாயும் விற்கிறவனுக்கு எதற்கு சூப்பர்சார்ஜர் வைத்த வெளிநாட்டுக் கார் என்று கேட்காத வாய் இல்லை. கேட்டவர்களை அவன் சும்மா விட்டதும் இல்லை. பைப்பை வளைத்துத் திருப்புகிற பெண்டு வாங்க வந்த பிளம்பரை ஸ்டூலில் உட்காரவைத்துப் பாடம் எடுப்பான். சாதா இன்ஜின் தானாக மூச்சு இழுக்கும், இதில் பெல்ட்டில் சுற்றுகிற விசிறி ஒன்று காற்றை அமுக்கிப் பிடித்து இன்ஜினுக்குள் திணிக்கும், திணித்த காற்றுக்குத் தக்க பெட்ரோல், பெட்ரோலுக்குத் தக்க வேகம் என்பான். பிளம்பர் அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பக்கத்துக் கடையில் பெண்டு வாங்கிக்கொண்டு போவார்.

கார் பலபேர் கைமாறி வந்தது. நின்றால் ராஜா மாதிரி இருக்கும். சித்திரை வெயிலில் ஏரிக்கரை மேட்டில் ஏறச் சொன்னால்தான் முனகும், இழுக்காது, சில சமயம் அப்படியே நின்றுவிடும். போன வாரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே நின்றது. டவுன் பஸ் கண்டக்டர் இறங்கி வந்து தள்ளினார். உள்ளே உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஷப்ரீன் துப்பட்டாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஏனாத்தூரில் பழைய வண்டி வாங்கி விற்கிற அவள் அண்ணன் காதருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, இத்த வித்துட்டு ஒரு லோடு ஆட்டோ வாங்கிக் குடு. பைப்பு டெலிவரிக்கு தெனம் வாடக வண்டி தேடிக்கினு அலையறோம். இவரு இன்னாடான்னா இத்த வச்சிக்கினு பேஜார் பண்றாரு."

ஷகீல் போனைப் பிடுங்கினான். "மச்சான், வண்டில ஒரு கோளாறும் இல்ல. அதுக்கு நல்ல காத்து போவல. அவ்ளோதான்."

"ஊருல காத்துக்கா பஞ்சம் மாப்ள?" என்றார் காதர்.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காதரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். கார் வழியில் நிற்காமல் ஏனாத்தூர் வந்து சேர்ந்தால் அது ஷகீலுக்கே. வழியில் நின்றால் அன்றைக்கே விற்றுவிட வேண்டும், வாங்குகிற ஆளையும் காதர் விருந்துக்கு அழைத்து வைத்திருப்பார். ஷகீல் வீறாப்பாக ஒத்துக்கொண்டான். ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடை அவன் அப்பாவுடையது, வீடும் அப்பாவுடையது. அவனே ஆசைப்பட்டு அவனே வாங்கியது என்று இந்த உலகத்தில் அந்தக் கார் ஒன்றுதான் இருந்தது.

கோளாறு எங்கே என்று அவனுக்குத் தெரியும். முன்பு வைத்திருந்த மகராசன் யாரோ காற்றுப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபில்டரை இன்ஜினுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தான். இன்ஜின் விடுகிற அனலை இன்ஜினே திரும்பக் குடித்தது. வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவந்து கொடுத்தால் தீர்ந்தது. அதற்கென்றே ரெடிமேட் செட் சென்னையில் விற்கிறார்கள். ஷகீல் போன் போட்டு விலை கேட்டான். சொன்ன விலையைக் கேட்டதும், ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டான்.

பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான். கடை முழுக்க பைப்.

நாலு இஞ்சு பைப்பில் ஒரு துண்டு அறுத்தான். வளைக்க ஒரு பெண்டு, பெரிய வாயைச் சின்ன வாயோடு சேர்க்க ஒரு ரெட்யூசர், இறுக்கக் கிளிப்பு, எல்லாம் கடையிலேயே இருந்தது. டிராக்டர் சாமான் கடையில் ஏர் ஃபில்டர் ஒன்று மட்டும் வாங்கினான். சூட்டில் பிளாஸ்டிக் இளகக் கூடாதென்று, பிரியாணி பார்சல் கட்டுகிற வெள்ளித்தாளை பைப் நெடுக அழுத்திச் சுற்றினான். எல்லாம் முடிந்தபின் காற்று வாங்குகிற வாய் சின்னதாகப் பட்டது. உடனே மண்ணெண்ணெய் ஊற்றுகிற பெரிய தகரப் புனல் ஒன்றை, பம்பருக்குக் கீழே தரையைப் பார்த்தாற்போல் மாட்டினான்.

ஷப்ரீன் எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, இன்ஜினுக்கு தம் போடறீங்களா?"

"சிரி, சிரி. ஞாயித்துக்கெழம பாக்கலாம்."

அன்றைக்கே ஓட்டிப் பார்த்தான், அவன் சொன்னது வீண்போகவில்லை. அது வரைக்கும் முனகிக்கொண்டிருந்த விசிறி, உய்ங்ங்ங் என்று ஊதியது. ஏரிக்கரை மேட்டைக் கார் ஒரே மூச்சில் ஏறிவிட்டது. உச்சியில் நிறுத்தி ஸ்டீயரிங்கைத் தடவிக் கொடுத்தபோது ஷகீலுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். மெயின் ரோட்டில் போனால் கூட்டம், போலீஸ், யாராவது கை காட்டி நிறுத்துவார்கள். நிற்கவே கூடாது என்கிற வைராக்கியத்தில் ஷகீல் காவாந்தண்டலம் பக்கம் உள்ரோட்டில் திருப்பினான். நவரைப் பட்டத்து நெல் அறுவடைக் காலம் என்பது அவன் புத்தியில் ஏறவில்லை. அறுவடை நேரத்தில் அங்கே தார் ரோடு பாதிதான் ரோடு, மீதிப் பாதி களம். ஓரமாகக் கல் அடுக்கி, நெல்லைக் கொட்டிக் காயவைத்திருப்பார்கள். வண்டிக்காரர்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

எதிரில் வைக்கோல் லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. வேறு யாராக இருந்தாலும் பிரேக் போட்டிருப்பார்கள். ஷகீல் ஸ்டீயரிங்கை ஒடித்து நெல்லின்மேலேயே ஏற்றிவிட்டான்.

தரையைப் பார்த்த புனல், அதன் பின்னால் சூப்பர்சார்ஜர். வேறென்ன வேண்டும்? உய்ங்கென்ற சத்தம் கொர்ரென்று மாறியது. கார் இருமியது, குலுங்கியது, களத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டது.

"நின்னுச்சு," என்றாள் ஷப்ரீன்.

ஷகீல் கதவைத் திறப்பதற்குள் முறத்தை ஓங்கிக்கொண்டு ஒரு அம்மாள் ஓடி வந்தாள். நெல்லுக்குச் சொந்தக்காரி மங்கம்மா.

"யோவ் பாய்! கண்ணு இன்னா பொடரியிலயா கீது? எம்மாம் நெல்ல உன் வண்டி முழுங்கிச்சோ, அத்தினியும் எனக்கு வந்தாவணும். கய்ட்டு!"

ஷகீல் கைக்குட்டையைத் தரையில் விரித்து, காருக்கு முன்னால் மல்லாந்து படுத்து, புனலைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். உள்ளே அடைந்திருந்தது மொத்தமும் அவன் முகத்தில் கொட்டியது. கண், மூக்கு, காது எல்லாம் அரிக்கிற நெல் சொணை. "அல்லா!" என்று அலறியபடி எழுந்து தலையை பம்பரில் முட்டிக்கொண்டான்.

மங்கம்மா அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. கொட்டியதை முறத்தில் அள்ளி, புடைத்து, விரலால் கிளறினாள். பிறகு கார் வந்த தடத்தைக் குனிந்து பார்த்தாள். கோபம் இறங்கிப் போன முகத்தோடு திரும்பி வந்தாள்.

"ஒரு மணி நெல்லு இல்லியே இதுல! அத்தினியும் பதரு. பதர இஸ்துக்கினு நெல்ல வுட்டுட்டு வந்துகீது பாரேன்."

"யம்மா, என் கண்ணு..."

"காத்தாலருந்து ஒரு பொட்டு காத்து இல்ல. தூத்த முடியாம மொறத்த வச்சிக்கினு குந்திக்கினு கீறேன். பாய், அந்தக் கோடி வரிக்கும் இன்னொரு தபா ஓட்டு."

"கண்ணு தொறக்க முடியலம்மா!"

"அப்ப அந்தம்மா ஓட்டட்டும்."

ஷப்ரீனுக்கு லைசென்ஸ் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனிடம் வந்து போகிற வண்டிகளையெல்லாம் ஓட்டிப் பார்த்தவள். இந்தக் காரின் சாவியை மட்டும் ஷகீல் அவளைத் தொடவிட்டதில்லை. இப்போது அவன் மங்கம்மா கொடுத்த தண்ணீரில் கண்ணைக் கழுவியபடி, ஃபில்டரைக் கல்லில் தட்டி, தடவித் தடவியே மாட்டிக் கொடுத்தான். ஷப்ரீன் களத்தின் ஓரமாகக் கோடிவரை போய்த் திரும்பினாள். புனலை மறுபடி தட்டினார்கள். மங்கம்மாவுக்குப் பரம திருப்தி. இரண்டு வெள்ளரிப்பழத்தைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டாள்.

அங்கிருந்து ஏனாத்தூர்வரைக்கும் ஷப்ரீன்தான் ஓட்டினாள். புனலைக் கழற்றி டிக்கியில் போட்டாயிற்று. ரோடு காலியான இடத்தில் அவள் லேசாக மிதித்தாள். உய்ங்ங்ங்! முதுகு சீட்டோடு ஒட்டியது. இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.

"பாத்து ஷப்ரீன், மெதுவா," என்றான் ஷகீல், கண்மேல் ஈரத் துணியோடு.

"நீங்க சும்மா வாங்க."

மண்டப வாசலில் காதர் நின்றிருந்தார். பக்கத்தில் வாங்க வந்த ஆள், சட்டைப்பை கனக்க. ஷகீல் வீங்கிச் சிவந்த கண்ணோடு இறங்கியதைப் பார்த்ததும் காதருக்கு விஷயம் புரிந்தமாதிரி இருந்தது. தோளில் கை போட்டார்.

"அழுவாத மாப்ள. வண்டி போனா வேற வண்டி. நின்னுச்சா?"

ஷகீலுக்குப் பொய் சொல்ல வரவில்லை. சரி, போகட்டும் என்று வாயைத் திறந்தான்.

"நிக்கலண்ணே," என்றாள் ஷப்ரீன் முந்திக்கொண்டு. "நாங்க நிறுத்துனோம்."

"எதுக்கு?"

"காவாந்தண்டலத்துல ஒரு அம்மா நெல்லு தூத்த காத்து இல்லன்னாங்க. குடுத்துட்டு வந்தோம்."

காதர் ஷகீலின் தோளிலிருந்து கையை எடுத்தார். வாங்க வந்த ஆள் சாப்பாடு எப்போது என்று விசாரிக்கப் போய்விட்டான். கட்டிய நாளிலிருந்து ஷகீலுக்குத் தன் மனைவிமேல் இவ்வளவு ஆசை பொங்கியதில்லை. நெஞ்சு நிறைந்து, சாவிக்காகக் கையை நீட்டினான்.

ஷப்ரீன் சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அண்ணன்கிட்ட லோடு ஆட்டோ ஒண்ணு சொல்லி வச்சிட்டேன். நீங்க அத்த ஓட்டிக்கினு வாங்க," என்றாள். "இது என்கிட்ட இருக்கட்டும்."