இறங்குவதற்கு எத்தனை படி

“நீ அங்கெல்லாம் போயிருக்கியாம்மா?” என்று, எங்களிடம் சுற்றுலாவுக்கு வேன் பேச வந்த அம்மா கேட்டபோது நான் தலையாட்டிவிட்டேன். உண்மையில் நான் எங்கேயும் போனதில்லை. வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே ஒன்பதாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த உலகம் எங்கள் வீடும் சித்தப்பாவின் வேன் ஆபீஸும்தான்.

ஆபீஸில் பயணத் தாள் எழுதுவது என் வேலை. எந்தெந்த இடம், எத்தனை கிலோமீட்டர் என்று சித்தப்பா சொல்வார். எந்த வளைவில் குமட்டும், எங்கே நிழலில் வண்டியை நிறுத்தலாம் என்பதையெல்லாம், திரும்பி வரும் டிரைவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு நானே சேர்த்துவிடுவேன். மேல் தாள் பயணம் போகிறவர்களுக்கு. கார்பனில் விழுகிற அடித்தாள் டிரைவருக்கு.

அந்த அம்மாவின் கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். வாட்ச்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். வாய் ஓயாத மனிதர். அவர்கள் கேட்டது இரண்டு நாள் பயணம். முதல் நாள் குகைகள், மறுநாள் மலை பிளந்து கிடக்கிற பள்ளத்தாக்கு, சாயங்காலம் பாறை உச்சியில் இருக்கும் மடாலயம்.

“போயிருக்கியான்னு கேக்கணுமா? பாத்தாலே தெரியல? இது மடாலயத்துலயே பொறந்து வளந்த பொண்ணு. நாம வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசுச்சா பாரு,” என்றார் அவர்.

“நீங்க கொஞ்சம் வாயை மூடுறீங்களா? அங்க போயாவது ரெண்டு நாள் சும்மா இருப்பீங்கன்னுதான் நான் கெளம்புறதே.”

சித்தப்பா சத்தமாகச் சிரித்தார். நானும் குனிந்துகொண்டு சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு தாளை எழுதத் தொடங்கினேன். பள்ளத்தாக்குக்கும் மடாலயத்துக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம் வெறும் சாலை. அந்த இடம் தாளில் காலியாகக் கிடந்தது. அதன்மேல் வேறொரு தாளை வைத்துக்கொண்டு எனக்காக எழுத ஆரம்பித்தேன். யாருக்கும் தெரியாமல் நான் எழுதுவதெல்லாம் இப்படித் தனித்தாள்களில்தான். பிறகு அவற்றை நோட்டாகத் தைத்து, துணி அலமாரிக்கு அடியில் ஒளித்துவைப்பேன். அன்று எழுதியது இது: ‘நாற்பத்தோராவது மைல்கல்லுக்கு இடப்பக்கம் பாறையில் குடைந்த சின்ன மடம். மேலே ஏறப் பன்னிரண்டு படி. கதவைத் தட்ட வேண்டாம், திறக்கும். உள்ளே இருப்பவர் தண்ணீர் கொடுப்பார். வெளியே வரும்வரை பேசக் கூடாது.’ அதற்குள் போன் அடித்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

நான் அழுத்தி எழுதுகிறவள். அடியில் கார்பன் இருந்ததை அப்போது யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் இருவரும் வந்தார்கள். சித்தப்பா சாப்பிடப் போயிருந்தார். வாட்ச்காரர் நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றுமில்லை. யாரோ திறக்கப் போகிறார்கள் என்பதுபோல முதுகை நிமிர்த்திக் காத்திருந்தார். இரண்டு கைகளும் ஒரு குவளையை ஏந்தின மாதிரி மடியில் குவிந்திருந்தன.

“வந்ததுலேருந்து இப்படித்தாம்மா,” என்றார் அந்த அம்மா. “டாக்டர் தொண்டையில ஒண்ணுமில்லங்கிறாரு. நடன்னா நடக்கிறாரு. ஊட்டினா முழுங்குறாரு. கடையைத் திறக்கவே இல்ல. அந்தச் சின்ன மடத்துக்குள்ள போயிட்டு வந்தாரு, அவ்வளவுதான். எனக்கு முட்டிவலி, நான் வண்டியிலயே உக்காந்துட்டேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “வாயை மூடுங்கன்னு சொன்னவளும் நான்தானே. மறுபடியும் அங்க கூட்டிட்டுப் போகணும். ஒரு தாள் எழுதிக் குடு.”

“எந்தச் சின்ன மடம்?” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவர்களைக் கூட்டிப்போயிருந்த டிரைவர் மாமா வாசலில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், எட்டிப் பார்த்தார். “நல்லா இருக்கே கூத்து! நீ எழுதுனதை எங்ககிட்டயே கேக்குறியா?” வண்டியிலிருந்து கசங்கிய தாளை எடுத்துவந்து மேசையில் விரித்தார். காலியாக இருக்க வேண்டிய இடத்தில் கார்பன் நீலத்தில் என் கையெழுத்து. ‘பேசக் கூடாது’ என்பதோடு நின்றிருந்தது.

“எத்தனை வருஷமா அந்த வழில ஓட்டுறேன், அன்னைக்குத்தான் அந்தப் படி என் கண்ணுல பட்டுச்சு,” என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “போன வாரம் வேற சவாரில போனப்ப நின்னு பாத்தேன்மா. பாறைதான் இருக்கு. படியைக் காணோம்.”

“அப்படி ஒரு இடமே இல்லம்மா. நான் சும்மா எழுதினேன். நான் எங்கயும் போனதே இல்ல.” பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அந்நியர் முன்னால் நான் இத்தனை வார்த்தை பேசியது அன்றுதான்.

அந்த அம்மா திட்டவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

“ஏறுறதுக்கு எழுதியிருக்க. இறங்குறதுக்கு எழுதலையேம்மா.”

டிரைவர் மாமா துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டார். நான் பேனாவை எடுத்தேன். அந்த வரிக்கு அடியிலேயே எழுதினேன். ‘தண்ணீர் குடித்தாயிற்று. குவளையை வைத்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்காமல் வெளியே வர வேண்டும். பன்னிரண்டு படி. கீழே’

வாட்ச்காரர் எழுந்தார். குவிந்த கைகளை மெதுவாக என் மேசைமேல் கொண்டுவந்து, எதையோ வைப்பதுபோல வைத்து, எடுத்தார். அந்த இடத்தில் மரத்தின்மேல் ஈரமாக ஒரு வட்டம் இருந்தது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

எங்கள் ஆபீஸ் வாசலில் இரண்டே படிதான். அவர் செருப்புச் சத்தம் ஒன்று, இரண்டு என்று கேட்டது. பிறகு மூன்று. நான்கு. அந்த அம்மா ஓடிப்போய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவைப் பார்க்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலக் கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தார்.

எட்டு கேட்டபோதுதான், இன்னும் என் கையில் பேனா இருப்பது நினைவுக்கு வந்தது. ‘கீழே’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மை திட்டாக ஊறிக்கொண்டிருந்தது. கீழே என்ன இருக்கிறது என்று நான் இன்னும் எழுதவில்லை. ஒன்பது. பத்து. ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவர் இறங்கிக்கொண்டிருந்தார்.