எவந்தியா நேர்ந்த முட்டி

எங்கள் தீவில், துறைமுகத்திலிருந்து மாதா கோயிலுக்கு ஏறுகிற சரிவில்தான் என் கடை. மெழுகுவர்த்தி விற்கிறேன். முழங்காலிலேயே ஏறுகிறவர்கள் கட்டிக்கொள்ள மெத்தைப் பட்டையும் விற்கிறேன். யார் எதற்காக நேர்ந்துகொண்டார்கள் என்பது தானாகக் காதில் விழும். விழாவிட்டால் கேட்டுவிடுவேன்.

எதிர்வீட்டு ஸ்தமாத்தாவின் முட்டிக் கதையைக் கேட்கவே வேண்டியதில்லை, ஜன்னலிலேயே தெரிந்தது. போன குளிர்காலத்தில் அவள் மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினாள். கத்தி வைத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள், மாட்டேன் என்றாள். பக்கத்துத் தீவிலிருந்து ஊரானியா என்ற பிசியோதெரபிப் பெண் கப்பலேறி வந்து போனாள்.

வந்ததும் கைத்தடியைப் பிடுங்கினாள். "வலிக்கிறது வலது கால். தடி இடது கையில இருக்கணும்மா." தெருவில் தடி ஊன்றுகிற கிழங்கள் எல்லாம் அதை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி கை மாற்றிக்கொண்டன.

"தேஞ்சது தேஞ்சதுதான். தாங்குறது தொடைதான், அதுக்கு வேலை குடுங்க," என்றாள் ஊரானியா. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, படுத்துக்கொண்டு காலை நீட்டித் தூக்குவது, இடுப்பளவு கடல்நீரில் நடப்பது. எல்லாவற்றையும் ஸ்தமாத்தா திட்டிக்கொண்டே செய்தாள். எடை குறையத் தேன் சொட்டும் பலகாரத்தை விட்டபோதுதான் திட்டு அதிகம். கோடை வந்தபோது படியில் நேராக இறங்கினாள்.

வினை அப்புறம்தான் வந்தது. ஆகஸ்ட் விழாவுக்கு முந்தின வாரம், அவள் நாத்தனார் எவந்தியா என் கடைக்கு வந்தாள். நோன்புக்காரி, எண்ணெய்கூடத் தொடமாட்டாள், அதைச் சொல்லாமலும் இருக்கமாட்டாள்.

"மெத்தைப் பட்டை குடு கலியோபி. தடிப்பா. அண்ணிக்கு."

ஸ்தமாத்தா அப்போது என் கடையில்தான் நின்றிருந்தாள். "எனக்கெதுக்குடி?"

"மாதாகிட்ட நேர்ந்துட்டேன் அண்ணி. கத்தி படாம உங்க முட்டி சரியானா, துறைமுகத்துலேர்ந்து முட்டி போட்டே ஏறுவீங்கன்னு."

"யாரு ஏறுவா?"

"நீங்கதான்."

நான் மெழுகுவர்த்தியை அடுக்குவதை நிறுத்திவிட்டேன்.

"நான் மண்டி போடவே கூடாதுன்னு ஊரானியா சொல்லியிருக்கா. இந்தக் கல்லு மேட்டுல ஏறினா முட்டி மறுபடி வீங்கிக்கும். அப்புறம் கத்திதான்."

"அவ சொல்லட்டும். குணமாக்கினது யாரு?"

"நாற்காலி," என்றாள் ஸ்தமாத்தா.

எவந்தியா சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா காதுல விழப்போகுது."

"விழட்டும். முட்டியைக் குடுத்துட்டு அதையே திருப்பிப் பிடுங்குறவளா மாதா? அவளைப் பத்தி எவ்வளவு கேவலமா நெனைச்சு வச்சிருக்கே நீ."

"சொன்ன வாக்கு சொன்னதுதான். கப்பல்ல இருக்கிற உங்க பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்காதீங்க."

மகன் பேச்சு வந்ததும் ஸ்தமாத்தாவின் முகம் வெளுத்தது. பிறகுதான் சிவந்தது. வெளியே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க ரொட்டிக்கடை வரிசையில் இதே பேச்சு. நேர்ந்தது நேர்ந்ததுதான், ஏறித்தான் ஆகவேண்டும் என்றவர்களே அதிகம். அதில் பாதிப் பேர் வாழ்நாளில் ஒருமுறைகூட முட்டி போட்டு ஏறாதவர்கள்.

விழாவன்று காலை, முட்டி போட்டு ஏறுகிறவர்களுக்காகக் கோயில்வரை விரித்த கம்பளம் துறைமுகத்தில் தொடங்குகிற இடத்தில் எவந்தியா பட்டையோடு காத்திருந்தாள். விழா நாளில் கடையைச் சாத்திய ஒரே மெழுகுவர்த்திக்காரி நான்தான்; பக்கத்திலேயே நின்றேன்.

ஸ்தமாத்தா வந்தாள். பட்டையை வாங்கினாள்.

"உக்காரு."

"அண்ணி?"

"வாக்கை நான் உடைக்கல. என் பையன் விஷயத்துல உடைக்கவும் மாட்டேன். ஆனா நேர்ந்தது உன் வாய். அந்த வாய்க்குன்னு ரெண்டு முட்டி இருக்கில்ல, நல்லா, தேயாம? காலை நீட்டு."

"நான் உங்களுக்காகத்தானே நேர்ந்தேன்..."

"எனக்காகவே ஏறு. எனக்காக வேண்டிக்கத் தெரிஞ்சவளுக்கு எனக்காக வலிக்கத் தெரியாதா?"

கூட்டம் சுற்றி நின்றது. கைக்குழந்தையோடு மண்டியிட்டிருந்த வெளியூர்க்காரி ஒருத்தி எவந்தியாவுக்கு நகர்ந்து இடம் விட்டாள். அதற்கப்புறம் எப்படி மறுப்பது?

எவந்தியா ஏறினாள். ஸ்தமாத்தா தடியோடு பக்கத்திலேயே நடந்தாள், துணைக்கு அல்ல, காவலுக்கு. "ஓரமா உக்காராதே. பாத்துட்டுத்தான் இருக்கேன்." வெயில் ஏறியது. பாதி வழியில் எவந்தியா ஜெபத்தை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். ஸ்தமாத்தா நின்றாள், நானும் நின்றேன். மன்னித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"வலிக்குதா?"

"உயிர் போகுது அண்ணி."

"எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போச்சு. நட."

கோயில் வாசலில் எவந்தியாவால் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணியைப் பார்த்துக் கையை நீட்டினாள். ஸ்தமாத்தா அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையைக் கொடுக்கவில்லை.

"முட்டியில பாரம் போடாதே. ஒரு பாதத்தை முன்னாடி ஊனு, தொடையால எழும்பு," என்றாள். அவள் எழுந்து நிற்கும்வரை கோபத்தோடு காத்திருந்தாள்.