இடஞ்சுழித்த கம்பளி

மேலைமலை முகடுகளில் முகில்கள் நனைந்த ஆட்டுமந்தைபோல் நெருங்கிக் கிடக்க, காய்ந்து செம்புநிறம் கொண்ட பெரணிப் புதர்களின்மேல் கூதிர்காலக் கதிரவன் தன் மெலிந்த ஒளியைச் சொரிந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், கோய்லே ஆறு இரு கரைகளையும் தழுவியும் எக்கரைக்கும் உரியதாகாமல் கருங்கற்களிடையே முழங்கிக்கொண்டு ஓடிற்று. தென்கரையில் பிரேசர் குலத்தாரின் புல்வேய்ந்த வீடுகள் இருபது. வடகரையில் கிராண்டு குலத்தாரின் வீடுகள் பதினெட்டு. இரு கரைக் கூரைகளிலிருந்தும் எழுந்த புகை வானில் ஒன்றாய்க் கலந்ததேயன்றி, கீழே மனிதர் கலந்ததில்லை.

கவர்ந்த மாடுகளுக்காகவும், எரிந்த கூரைகளுக்காகவும், எவர் முதலில் தொடங்கினார் என்பதை எவரும் அறியாத பழிகளுக்காகவும் ஏழு தலைமுறையாக அவ்விரு குலத்தாரும் ஒருவரையொருவர் கொன்று வந்தனர். அவரவர் கரையில் முளைத்த செடிகளின் சாயம் அவரவர் கட்டம்போட்ட கம்பளித் துணியில் ஏறியது. தொப்பியில் செருகிய தழையோ, பைன் மரத்தழை என்றால் கிராண்டு, யூ மரத்தழை என்றால் பிரேசர் என்று தொலைவிலேயே குலத்தைச் சொல்லிற்று. மலைக்கணவாய்களைக் காக்க அரசு காவற்படை திரட்டியபோது, மாடு கவர்ந்தவர் மக்களையே மாடு கவர்வோரைப் பிடிக்கச் சேர்த்துக்கொண்டது. தழைகளைக் களையச் சொல்லி, கருநீலமும் கரும்பச்சையும் கருமையும் கலந்த ஒரே கட்டத்தை எல்லாருக்கும் போர்த்தியது. அத்துணியை அணிந்தவரில் எவன் எக்கரையான் என்பதை அவனைப் பெற்றவளும் தொலைவிலிருந்து அறிதல் அரிதாயிற்று.

தென்கரைச் சீலாஸ் என்பாள் பத்தொன்பது ஆண்டுகளாகக் கைம்பெண். அவள் கணவனை ஆற்றுத்துறையில் வெட்டி வீழ்த்தியவன் வடகரைக் கிரிசலின் கணவன். சீலாஸின் ஒரே மகன் லாக்லன் படையில் சேர்ந்து ஈராண்டு ஆகியிருந்தது. கிரிசலின் மகன் டூகல் அந்தக் கூதிரில்தான் அதே படையில் சேர்ந்தான். புதிதாய்ச் சேர்ந்த எழுவருக்கும் போர்வை வேண்டுமென்று, நெய்து முடித்த நீண்ட சுருளொன்றைப் படையின் பண்டகசாலையார் கோய்லேவுக்கு அனுப்பினர்.

தறியிலிருந்து இறங்கிய கம்பளி, அடித்துத் துவைத்து நெருக்கப்பட்டாலன்றிக் குளிர் தாங்காது. அத்தனை நீளத்தை அடிக்கப் பன்னிரு பெண்கள் வேண்டும். ஒரு கரையில் மட்டும் அவ்வேலைக்கு வலுவுள்ளவர் அத்தனை பேர் இல்லை. ஆகவே ஆற்றோரக் களஞ்சியத்தில், நீண்ட பலகையின் இருபுறமும் அறுவர் அறுவராய் இரு குலப் பெண்களும் அமர்ந்தனர். பல நாள் சேர்த்துப் புளிக்கவைத்த சிறுநீரில் ஊறிய துணியை, நாற்றத்துக்கு முகம் சுளித்தபடி பாட்டின் தாளத்துக்கு அடித்து, கதிரவன் செல்லும் திசையிலேயே கைமாற்றி நகர்த்தினர். வடகரையாரின் பாட்டில் தங்கள் முன்னோரைப் பழிக்கும் அடி வந்தால் தென்கரையார் வாய் மூடினர். தென்கரையார் பாடியபோது வடகரையார் அவ்வாறே செய்தனர். துணியை அடிக்கும் கைகள் மட்டும் நிற்கவில்லை.

எதிரில் அமர்ந்திருந்த கிரிசல், சீலாஸின் கைவேகத்தைக் கண்டு சிரித்தாள்.

"மெதுவா அடி சீலாஸ். உன் புருஷனக் கொன்னது இந்தத் துணி இல்ல."

"தெரியும். கொன்னவன் பொண்டாட்டி எதிர்லதான் உக்காந்திருக்கா."

"உங்க ஆளுங்க எங்கப்பன் வீட்டக் கொளுத்தினப்போ அந்தப் பொண்டாட்டிக்கு வயசு ஒம்பது. அதையும் சேத்துப் பாடேன், ராகம் நல்லாருக்கும்."

பெண்கள் சிலர் சிரித்தனர். சீலாஸ் முன்னிலும் ஓங்கி அடித்தாள்.

அடித்து முடித்த துணிக்கு வாழ்த்துரைப்பது அவ்வூர் வழக்கம். கூடியவருள் மூத்தவள், அணியப்போகும் ஆடவருக்கு ஊறு நேராதிருக்க வேண்டி, தந்தை பெயராலும் மகன் பெயராலும் தூய ஆவியின் பெயராலும் மும்முறை அத்துணியை வலஞ்சுழியாகச் சுற்றுவாள். அன்று மூத்தவள் சீலாஸே. தன் மகனுக்கு முன்பே போர்வை உண்டு, இச்சுருளோ டூகலோடு சேர்ந்த புதியவர்க்குரியது என்னும் எண்ணம் அவள் நெஞ்சில் பாம்புபோல் தலைதூக்கியது. மற்றவர் கைகழுவ வாயிற்புறம் திரும்பிய நொடியில், உதடு வாழ்த்தை முணுமுணுக்க, கைகள் மட்டும் மூன்றாஞ்சுற்றை இடஞ்சுழியாகச் சுற்றின. இறைவனின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஒருவன் சாவை வேண்டினாள் அவள். களஞ்சியத்தில் எவரும் அதைக் காணவில்லை.

படைவீரர் தங்குமிடத்தில் அடுப்பருகே காயப்போட்ட லாக்லனின் பழைய போர்வை தீப்பட்டு எரிந்துபோனதையும், பண்டகசாலையான் அச்சுருளை ஏழாக வெட்டாமல் எட்டாக வெட்டி எட்டாவதை லாக்லனுக்குக் கொடுத்ததையும் அவள் அறியாள். அளவுகோல் முழத்தை அறியும். எவன் எவள் மகன் என்பதை அறியாது.

பனி உருகத் தொடங்கிய மாதத்தில், ஒரு நண்பகல், கருங்கட்டம் போர்த்த இளைஞன் ஒருவன் ஆற்றைக் கடந்து வந்து சீலாஸின் வாயிலில் நின்றான். இரு கைகளிலும் காயத்துக்குச் சுற்றிய துணிக்கட்டு. இடக்கையில் மூன்று விரல்கள் இல்லை, வலக்கையில் இரண்டு இல்லை.

"நான் கிரிசல் மகன் டூகல். இந்தப் பக்கம் வரலாமான்னு தெரியல. லாக்லன் சொல்லிவிட்டான், வந்துட்டேன்."

அவன் முகத்தைப் பார்த்தவுடனே அவளுக்கு விளங்கிற்று. கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டாள். அவன் கூறியது இது: கணவாயில் பனிப்புயல் சூழ்ந்தபோது லாக்லன் சறுக்கி விழுந்து தொடை முறிந்தான், அறுவர் உதவி தேடி இறங்கினர், டூகல் தங்கினான். தன் போர்வையையும் அவிழ்த்து லாக்லனுக்கு மேற்போர்வையாக்கி, இரு பகலும் இரண்டு இரவும் அவனை அணைத்துக் கிடந்தான்; உறைபனியில் டூகலின் விரல்கள் கருகிப்போயின. ஆட்கள் வந்து சேர்வதற்கு முன்னமே லாக்லனின் மூச்சு அடங்கிவிட்டது.

"கடைசி வரைக்கும் சிரிச்சான்மா. 'ஒரு கிராண்டுகாரன் எனக்குக் கம்பளி போத்தினத ஊர்ல யாரும் நம்பமாட்டாங்க, நீயே போய் எங்கம்மாகிட்ட சொல்லு'ன்னான்."

கலத்தில் வாற்கோதுமைக் கஞ்சி இருந்தது. பசித்து வந்தவனுக்கு ஊற்றாதிருக்க அவள் கைகள் பழகவில்லை. கரண்டியை அவனால் பற்ற முடியாததைக் கண்டு, தானே கொம்புக்கரண்டியால் ஊட்டினாள். பாதி உண்ட நிலையில்தான், எரிந்த பழைய போர்வையைப் பற்றியும் எட்டாய் வெட்டிய சுருளைப் பற்றியும் அவன் சொன்னான். கரண்டி அவள் கையில் நின்றது.

"அந்தத் துணிய நான்தான் திருப்பிச் சுத்தினேன்" என்றாள்.

அவனுக்கு அது புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு மெல்லச் சொன்னான்: "எட்டுப் பேருக்கும் அதே துணிதான். ஏழு பேர் நடமாடுறோம். கால் ஒடிஞ்சு பனியில கெடந்தான், செத்தான். துணி என்னம்மா பண்ணும்?"

"உனக்குன்னு நெனச்சு சுத்தினேன். நீ சாகணும்னு."

டூகல் தன் கட்டுப்போட்ட கைகளை நோக்கினான். எழுந்து போயிருந்தால் அவனைக் குறைகூறுவார் எவருமில்லை. ஆனால் அவன் மணிக்கட்டால் கிண்ணத்தை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினான்.

"கஞ்சி இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?"

அவள் ஊற்றினாள். அதன்பின்பே அவளுக்கு அழுகை வந்தது; அழுதுகொண்டே அவன் உண்டு முடிக்கும்வரை ஊட்டினாள்.

அன்பு ஒரு வாயிலில் நுழைந்ததால் பகை ஒழிந்ததென்று கூற இயலவில்லை. பிரேசர் வீட்டில் உண்ட வாயால் தன்னை அம்மா என்று அழைக்க வேண்டாமென்று சொல்லி, கிரிசல் தன் மகனுக்கு ஓராண்டு முகங்கொடாமல் இருந்தாள். சில ஆண்டுகளில் அப்படை கடல்கடந்து, தனக்குத் தொடர்பில்லாத மன்னர்களின் போரில் நின்றது. கோய்லேவின் இரு கரை இளைஞரும் அங்கே ஒரே குழியில், ஒரே கருங்கட்டத்தில் அடுக்கப்பட்டனர். எவன் கிராண்டு, எவன் பிரேசர் என்று பிரித்தெடுக்கக் குழி வெட்டியவனுக்கு நேரமில்லை.

விரலிழந்ததால் படை நீங்கியிருந்த டூகல் மட்டும் வாழ்ந்தான். சீலாஸ் மேலும் பதினோராண்டு உயிரோடிருந்து, கோயிலில் மண்டியிடும்போதெல்லாம் அவன் நெடுநாள் வாழ வேண்டினாள். அவ்வேண்டுதலில் அவள் நா ஒருபோதும் தடுமாறியதில்லை. தனக்கென மன்னிப்பு வேண்ட வாய் திறந்தாலோ சொல் எழுவதில்லை. இறைவன் அவளை என்றோ மன்னித்திருக்கக்கூடும். அம்மன்னிப்பு அன்று நண்பகலே ஒரு கிண்ணத்தின் வடிவில் அவள்முன் நகர்ந்து வந்ததும் உண்மை. ஆயினும் பெற்ற மகனை இழந்த கைகளால் பெறுவதற்கு அது மிகவும் கனமாயிருந்தது.