பேர் வைத்த ஆடு

எங்கள் தொழிலில் ஆட்டுக்குப் பேர் வைக்கக் கூடாது. கறுப்பு, செவலை, கொம்பு முறிந்தது, காது நீண்டது என்று அடையாளம் சொல்லிக்கொள்ளலாம். பேர் சொல்லிக் கூப்பிட்டு அது ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டால், அப்புறம் கத்தி பிடிக்கிற கை சொன்ன பேச்சைக் கேட்காது. என் மாமனார் காலத்திலிருந்து இதுதான் கட்டுப்பாடு. என் வீட்டுக்காரரும் கடையைக் கையில் எடுத்த நாளிலிருந்து ஒழுங்காகத்தான் இருந்தார். அவர் பேர் ஜான் பாஷா. புருஷன் பேரைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அவர் பண்ணிய வேலைக்கு ஊரே அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் எதற்கு மறைக்க வேண்டும்?

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் எங்கள் கறிக்கடை. வாரா வாரம் அவர் கல்வராயன்மலை ஏறி, கரியாலூரில் இருசம்மாள் என்கிற அம்மாவின் பட்டியிலிருந்து கிடா வாங்கி வருவார். மலை மேய்ச்சல் ஆடு, கறி நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விற்கிற கறிதான் எங்களுக்கு வாரம் முழுக்கச் சோறு. மற்ற நாள் கடை திறப்பதெல்லாம் ஈ ஓட்டத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் மண் விழுந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு கறிக்கடை வந்தது. கறியை டப்பாவில் அடைத்து, மேலே கொத்தமல்லி வைத்து, கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்து வீட்டுக்கே அனுப்புகிறார்கள். எங்கள் கடையில் கறி மீந்தது. மீந்ததை நாங்களே தின்றோம். ஊருக்கே கறி விற்கிற வீட்டில் கறியைப் பார்த்தாலே வெறுப்பு வந்துவிட்டது. "இப்டியே போச்சுன்னா ரம்ஜானுக்குள்ள கடைய மூடிட்டு, எவனாச்சும் ஓட்டல்ல கறி வெட்ற கூலிக்குத்தான் போவணும்" என்றார் ஒருநாள். குரல் உடைந்திருந்தது.

இந்தக் காலத்தில் அழுகிறவரின் கண்ணைத் துடைக்கப் போனுக்குள்ளேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். 'உங்கள் சிறு தொழில் வாடுகிறதா' என்று ஒரு விளம்பரம் வந்தது. சென்னையில் ஏதோ ஆன்லைன் விளம்பரக் கம்பெனி. பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அதற்கும் விளம்பரமாகிவிடும். இவர் அதில் நம்பரைத் தட்டிவிட்டார். ரெண்டாம் நாளே செழியன் என்று ஒருவர் கேமராப் பையோடு கடை வாசலில் வந்து நின்றார். தாடி மட்டும் நல்ல தாடி.

"பாய், உங்க கடைக்கு ஒரு முகம் வேணும்" என்றார் செழியன்.

"என் மூஞ்சிக்கு இன்னா?"

செழியன் அந்த மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கறியை வீடியோவில் காட்டினால் ஆப் அமுக்கிவிடுமாம். ரத்தம் ஆகாதாம், கத்தி ஆகாதாம். கறிக்கடையில் இதையெல்லாம் கழித்தால் மிச்சம் இருப்பது நானும் அவரும்தான். செழியன் கடையைச் சுற்றி வந்து, பின்பக்கம் கட்டியிருந்த ஒரு கறுப்புக் கிடாவின் முன்னால் நின்றுவிட்டார். நெற்றியில் வெள்ளைப் பொட்டு. முந்தின நாள்தான் கரியாலூரிலிருந்து இறங்கியது, வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தது.

"இதுக்குப் பேரு?"

"ஆட்டுக்குப் பேர் வெக்க மாட்டோம்ப்பா. வெக்கவும் கூடாது" என்றேன் நான்.

"பேர் இல்லன்னா ஜனங்க மனசுல ஒட்டாதுக்கா. ஒட்டினாதான் ரீச்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். கேமராவில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்துக்கே மனுஷன் மயங்கிவிட்டார்.

"சுல்தான்" என்றார்.

ஆடு திரும்பிப் பார்த்தது.

அப்புறம் போனில் இங்கிலீஷில் நீளமாக ஒரு ஒப்பந்தம் வந்தது. எங்கள் மகள் ஃபரீன் காலேஜ் விட்டு வரட்டும், படித்துப் பார்க்கட்டும் என்று சொன்னேன். இன்றைக்கே முடித்தால்தான் சலுகை என்றார் செழியன். இவர் விரலை வைத்து ஒப்புக்கொண்டார். கத்தியைத் தீட்டும்போது எவ்வளவு கவனமாக இருக்கிற விரல் தெரியுமா அது?

வீடியோ வந்தது. ஆடு வாயை அசைக்க, யாரோ குழந்தைக் குரலில் பேசுகிறார்கள். 'நான்தான் சுல்தான். கல்வராயன்மலையில தழை தின்னு வளந்தேன். எல்லாரும் ஜான் பாய் கடைக்கு வாங்க.' தன்னை அறுக்கப் போகிற கடைக்கு ஆடே நின்று ஆள் கூப்பிடுகிறது. இதை யோசிக்கத்தான் சென்னையில் ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. லட்சம் பேர் லைக் போட்டார்கள். மலேசியாவிலிருந்து ஒரு அம்மா முத்தம் அனுப்பினாள். மலேசியாக்காரி கள்ளக்குறிச்சிக்கு வந்து அரைக் கிலோ வாங்குவாளா என்று கேட்டேன். "உனக்கு இன்னா தெரியும்" என்றார் இவர். ஞாயிற்றுக்கிழமைக்கு வழக்கத்தைவிட ஜாஸ்தியாகக் கிடா அறுத்துத் தொங்கவிட்டார்.

கூட்டம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுல்தானுக்கு பிஸ்கட் ஊட்டினார்கள், கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். கறி என்ன விலை என்று ஒருத்தர் கேட்கவில்லை. பஸ் கண்டக்டர் கொளஞ்சியப்பன் மட்டும் வழக்கம்போல ஒயர் கூடையோடு வந்தார். எங்களிடம் ஞாயிறு தவறாமல் நெஞ்செலும்பு வாங்குகிறவர். தொங்குகிற கறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாய், இது அவனா?"

"எவன்?"

"சுல்தான்."

"அது பின்னாடி கட்டிக்கீதுங்க. இது வேற கிடா."

"அப்ப அவன எப்போ?"

இவர் கத்தியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். கொளஞ்சியப்பன் கூடையைக் கை மாற்றிக்கொண்டார். "எங்க பொண்ணு ஷாலினி காலைலருந்து அழுதுக்கினு கீது. சுல்தான வாங்கியாந்தீன்னா சோறே துன்ன மாட்டேங்குது. எதுக்கு பாய் வம்பு, இந்த வாரம் மீன் வாங்கிக்கறேன். தப்பா நினைக்காதீங்க."

அன்று சாயங்காலம், ஆட்டை முடித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று இவர் கத்தியோடு பின்பக்கம் போனார். வீட்டுக்கு வரும்போது கத்தி இடுப்பில் இருந்தது, ஆடு கயிற்றில் இருந்தது.

"அறுக்கலியா?"

"கூப்ட்டா திரும்பிப் பாக்குது ஜீனத்து."

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. சமையலுக்கு ஆய்ந்து வைத்திருந்த கீரையை எடுத்து ஆட்டுக்குப் போட்டேன்.

வீட்டுக்கு வந்த சுல்தான் என் கறிவேப்பிலைச் செடியையும் ஃபரீனின் துப்பட்டாவில் பாதியையும் தின்றான். கடையில் வியாபாரம் இன்னும் கம்மி. வீடியோவையாவது அழித்துவிடலாம் என்று ஃபரீனிடம் சொன்னோம். அவள் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அத்தா, இது நம்ம பேஜே இல்ல. அவங்க கம்பெனி பேர்ல கீது" என்றாள். செழியனுக்குப் போன் போட்டோம். "பேஜ் எங்களோடதுதாங்க்கா. அக்ரிமென்ட்ல தெளிவா இருக்குது" என்றார். நான் அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இனிமேல் உங்கள் வேலையே வேண்டாம் என்று இவர் முடித்துவிட்டார்.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பேஜை விற்றுவிட்டது. உளுந்தூர்பேட்டை ஹைவேயில் புதிதாகத் திறக்கிற ஒரு சைவ ஓட்டலுக்கு. ஒருநாள் காலையில் ஃபரீன் போனை நீட்டினாள். மேலே ஓட்டல் பேர், கீழே எங்கள் சுல்தானின் முகம், அதே குழந்தைக் குரல். 'நானும் சுத்த சைவம்தான். இனிமே என்னைப் பாக்க உளுந்தூர்பேட்டைக்கு வாங்க.' அது சொன்னதில் பொய் இல்லை, ஆடு சைவம்தான். ஆனால் லைக் போட்ட லட்சம் பேரும் ஆட்டோடு சேர்ந்து ஓட்டலுக்குப் போய்விட்டார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பாய் ஆட்டை ஓட்டலுக்கு விற்றுவிட்டான் என்று கொஞ்சம் பேர். இல்லை, அறுத்துப் போட்டுவிட்டான், ஓட்டல்காரனிடம் இருப்பது வெறும் வீடியோ என்று மற்றவர்கள். ரெண்டாவதுதான் வேகமாகப் பரவியது. பேர் வைத்து, பிஸ்கட் போட்டு, கழுத்தை அறுத்தவன் என்று பால்காரன் வரைக்கும் பேசினான். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் டீ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கறி தொங்குகிறது. வாசலில் நாய்கூட இல்லை. இவர் கறி வெட்டுகிற கட்டைமேல் கையை ஊன்றி, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மூடிடலாம் ஜீனத்து" என்றார்.

எனக்கு வந்தது கோபம். செழியன்மேல் இல்லை, ஊர்மேல். இத்தனை வருஷம் எங்கள் கையால் ஈரலும் எலும்பும் வாங்கித் தின்றுவிட்டு, யாரோ சொன்னான் என்று திரும்பிக்கொண்டு போகிறார்களே. டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். போட்டிருந்த புர்காவோடு அப்படியே ஆட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, குறுக்குச் சந்தை விட்டுவிட்டு வேண்டுமென்றே கடைத்தெரு வழியாக வந்தேன். காய்கறிக் கடைக்காரர்கள் தராசை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், அந்தக் கண்ணாடிக் கதவில் தன் உருவத்தைப் பார்த்த சுல்தான் நின்று ஒரு முட்டு முட்டினான். உள்ளே டப்பா வாங்கிக்கொண்டிருந்தவர்கள் வெளியே ஓடி வந்தார்கள்.

"டேய், சுல்தான் இருக்கான்டா" என்றான் ஒருவன்.

அதிலிருந்து என் பின்னால் ஊர்வலம். ஆட்டைக் கடைக்கு முன்னால் கரண்ட் கம்பத்தில் கட்டினேன். கொளஞ்சியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தார். நெற்றியில் இருந்த வெள்ளைப் பொட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். பெயின்ட் இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்தார்.

"அவன்தான். அப்ப பாய், நெஞ்செலும்பா ஒரு அரைக் கிலோ போடுங்க."

"எனக்கு ஒரு கிலோ. ஈரல் கீதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மதியத்துக்குள் கொக்கி காலி. ஒரு கையில் கறிப் பொட்டலம், இன்னொரு கையால் சுல்தானின் தலையைத் தடவல். எந்த ஆடு செத்தாலும் பரவாயில்லை, பேர் தெரிந்த ஆடு சாகக் கூடாது. இந்த மனுஷர்களின் பாசத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் அழுகையும் வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சுல்தான்தான் முதலில் கடைக்குப் போகிறான். அவன் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கறி கேட்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வயிறு சரியில்லாமல் வீட்டில் படுத்திருந்தான். அவன் எழுந்து வரும்வரை வரிசை அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் தொழுகையில் துவா கேட்கும்போது எங்களுக்கு முன்னால் ஆட்டின் ஆயுசுக்குக் கேட்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

செழியன் மறுபடி போன் பண்ணினார். கடை நன்றாகப் போகிறதாமே, எல்லாம் தங்கள் வேலைதான் என்று சந்தோஷப்பட்டார். கடைசியில் மெதுவாக, "சுல்தான்ங்கற பேரு இப்ப அந்த ஓட்டலோடதுக்கா. நீங்க யூஸ் பண்ணக் கூடாது" என்றார்.

"பேர நீயே வெச்சிக்கப்பா. ஆடு எங்க வூட்ல கீது" என்று போனை வைத்துவிட்டேன்.

போன வாரம் இவர் மலைக்குப் போய் வெகு நேரம் கழித்துத் திரும்பினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"அந்த வீடியோவ இருசம்மா வூட்லயும் பாத்துட்டாங்க. பேர் வெச்ச ஆடுன்னா டவுன்ல கிராக்கின்னு நினைச்சிக்கினு, பட்டில கீற அத்தனைக்கும் பேர் வெச்சிக்கீது அந்தம்மா. ஒண்ணொண்ணா காட்டிச் சொல்ல ஆரம்பிச்சிடுச்சி."

"அப்புறம் எப்டி வாங்கினீங்க?"

"ரெண்டு காதையும் பொத்திக்கினேன். பேரு சொல்லாத, விரலால காட்டும்மான்னேன்."

வண்டிக் கதவைத் திறந்து மூன்று கிடாக்களை இறக்கினார், ஒன்றின் முகத்தையும் பார்க்காமல். ஓரத்தில் இன்னொன்று நின்றது. செவலைக் குட்டி, அறுக்கிற வயசுகூட இல்லை.

"இது இன்னாத்துக்கு?"

"காதப் பொத்தறதுக்கு முன்னாடியே இதும் பேரச் சொல்லிடுச்சி அந்தம்மா."

"அதுக்கு? அங்கியே வுட்டுட்டு வர வேண்டியதுதான?"

"வுட்டா வேற எவனாச்சும் அறுத்துடுவான்" என்றார். பிறகு குட்டியின் பக்கம் குனிந்து, எனக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல மெல்ல, "மயிலு" என்றார்.

குட்டி திரும்பிப் பார்த்தது.