நாற்பத்தெட்டு தக்காளி நாற்று

என் மனைவிக்கு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை நின்றபடியே இஸ்திரி இயந்திரத்துக்குள் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்பது வருட நீராவியில் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. வேறு வேலை தேடியபோது, நாற்றுப்பண்ணை நடத்தும் தெரிந்த அக்கா ஒருவர் வழி சொன்னார். அவருடைய பண்ணையில் விதைப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுப் போகிறாள்.

"ஆறு வாரம் டைம். நாப்பத்தெட்டு தக்காளி நாத்தை உன் கையால வளர்த்துக் கொண்டா. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

எங்கள் வீட்டில் வெயில் எட்டிப் பார்க்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. "வெளிச்சத்தை என்கிட்ட விடு" என்றேன். நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். இருபது வருடமாக வெளிச்சத்தோடுதான் பிழைப்பு.

விதைப்பது அவள் பங்கு. அறுபது குழி உள்ள தட்டு, குழிக்கு ஒரு விதை, நகக்கண் அளவு ஆழம். தக்காளி விதை முளைக்க வெளிச்சம் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். ஃபிரிட்ஜ் தன் வயிற்றுச் சூட்டை வெளியே தள்ளித்தான் உள்ளே குளிர்கிறது. எங்கள் பழைய ஃபிரிட்ஜில் அந்தச் சூடு மேலே வந்து தங்கும். அதனால் தட்டு ஃபிரிட்ஜின் தலையில் ஏறியது. ஆறாம் நாள் வளைந்த கழுத்துகள் மண்ணை முட்டித் தூக்கின. ஐம்பத்தேழு முளைத்திருந்தன. அன்றே தட்டை ஸ்டுடியோவின் பின்னறைக்குக் கொண்டுபோனேன்.

தப்பு அங்கேதான் நடந்தது. கைக்குழந்தையைப் படம் எடுக்கும்போது விளக்கை நேராக முகத்தில் அடிக்க மாட்டோம். நாலடி தள்ளி நிறுத்தி, நடுவில் வெள்ளைத் துணி கட்டுவோம். இதுகளும் பச்சைக் குழந்தைகள்தானே என்று அப்படியே கட்டினேன். நிழலே விழாமல் பால் மாதிரி வெளிச்சம். பார்க்க அத்தனை அழகு.

பத்து நாளில் ஒரு விரல் நீளம் வளர்ந்துவிட்டன. "என்ன வேகம் பார்த்தீங்களா!" என்று அவள் பூரித்தாள். அப்போதுதான் அவள் தம்பி வந்தான், லாரி டிரைவர்.

"அக்கா, இது செடியா, பட்டன் தைக்கிற நூலா?"

"வாயை வைக்காதடா."

"நான் எங்க வெச்சேன்? ஊதினாலே படுத்துடும்போல இருக்கு." ஊதியும் காட்டினான். ஒரு வரிசை அப்படியே சாய்ந்தது. முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டு, "மாமா, நீங்களாவது பாருங்க" என்றான்.

பார்த்தேன். வெளிச்சம் அளக்கும் மீட்டரைச் செடிகளின் மட்டத்தில் வைத்தபோதுதான் எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. விளக்கை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் வெளிச்சம் பாதியாகும் என்றுதான் தோன்றும். ஆகாது; கிட்டத்தட்ட கால்பங்காகிவிடும். அந்த மிச்சத்திலும் ஒரு பங்கைத் துணி குடித்துவிடுகிறது. மனிதக் கண் இருட்டுக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்குக் குறையே தெரியாது. செடிக்குத் தெரியும். யாருடைய நிழலிலோ மாட்டிக்கொண்டோம், எட்டிப் பிடித்தால்தான் உயிர் என்று நினைத்து, இருப்பதையெல்லாம் உயரத்திலேயே செலவழித்துவிடும். தண்டு தடிக்க எதுவும் மிஞ்சாது. முகங்களுக்கு இந்தக் கணக்கைத் தினமும் போடுகிறவன் நான்.

அவளிடம் சொன்னேன்.

"நான் செடிக்கு லைட் கேட்டனா, ஆல்பம் போடக் கேட்டனா?" என்றாள். "இனிமே விதைச்சா எப்பங்க வளரும்? இருபத்தாறு நாள்தான் இருக்கு. விடுங்க, எனக்குச் சலவைதான்னு எழுதியிருக்கு."

துணியை அவிழ்த்தேன். விளக்குகளை இலைக்கு ஒரு சாண் மேலே இறக்கினேன். அந்த உயரத்தில் புறங்கையை நீட்டிப் பார்த்தேன். கைக்குச் சுடவில்லை என்றால் இலைக்கும் சுடாது. செடிக்கும் இருட்டில் செய்ய வேலை இருக்கிறது என்பதால், பதினாறு மணி நேரம் எரிந்து எட்டு மணி நேரம் அணையும்படி டைமர் வைத்தேன். தண்டு லேசாக ஆடினால்தான் தடிக்கும் என்று சின்ன ஃபேன் ஒன்றும் வைத்தேன். புது இலைகள் தடிப்பாக வந்தன. பழைய தண்டு நூலாகவே இருந்தது.

ஐந்தாம் நாள் தண்ணீர் தெளிக்கப் போனவள், "இங்க வாங்களேன்" என்றாள். தம்பி ஊதிச் சாய்த்த வரிசையில் ஒரு தண்டை நிமிர்த்திக் காட்டினாள். ஈரமண்ணில் பட்டிருந்த பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக மயிர் போல வேர்கள்.

"தண்டுலயே வேர் விடுதுங்க. அப்ப புதைச்சிடலாமே?"

மறுநாள் முழுக்க அதே வேலைதான். தம்பி காகிதக் கோப்பைகளில் ஓட்டை போட்டான். அவள் ஒவ்வொரு நாற்றையும் தண்டைத் தொடாமல் இலையில் பிடித்து, கழுத்துவரை மண்ணுக்குள் இறக்கினாள். எட்டு ஒடிந்துபோயின. நாற்பத்தொன்பது மிஞ்சின.

கெடு நாளில் அவற்றை அக்காவின் பண்ணைக்குக் கொண்டுபோனோம். அவர் ஒரு கோப்பையைக் கவிழ்த்துத் தட்டி, நாற்றை மண்ணோடு உருவினார். "தண்டு ஏன் இவ்வளவு ஆழத்துல இருக்கு?"

"வேர் பலமாப் பிடிக்கட்டும்னு…" என்று நான் ஆரம்பித்தேன்.

"இல்லக்கா" என்றாள் என் மனைவி. "லைட்டைத் தூரமா வெச்சுட்டோம், நீட்டமாப் போயிடுச்சு. சாஞ்ச தண்டுல வேர் வந்திருந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் புதைச்சேன்."

"இதே மிளகாய் நாத்தா இருந்தா?"

அவள் யோசித்தாள். "தெரியாதுக்கா. ஒண்ணே ஒண்ணைப் புதைச்சு ஒரு வாரம் பார்ப்பேன். எல்லாத்தையும் புதைக்க மாட்டேன்."

அக்கா நாற்றை மறுபடி கோப்பைக்குள் இறக்கி, மண்ணை அழுத்தினார். "முன்னாடி இருந்தவ மூணு தட்டு மிளகாயை ஒரே நாள்ல புதைச்சு அழுக வெச்சா. இது வயசுக்குக் குட்டையாத்தான் இருக்கு, விக்க இன்னும் பத்து நாள் ஆகும். நீயே வந்து பார்த்துக்க. திங்கக்கிழமை ஏழு மணிக்கு வா."

"பத்து நாளைக்கு மட்டுமாக்கா?"

"பத்து நாளைக்கா ஒருத்தியை வேலைக்கு வெப்பாங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "லைட் கட்டினது நீங்களா?"

"ஆமாங்க."

"நல்லவேளை, இங்க கூரையே கண்ணாடி."

என் மனைவி அதற்குள் குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே கோப்பைகளை மேசையில் அடுக்க ஆரம்பித்திருந்தாள்.