பால் கட்டின நெஞ்சு

கடைத்தெருக் கோடியில், சலவைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நின்றது அந்தத் தையல் கடை. அதை நடத்துகிறவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ஸ்தோத்திரம் அக்கா. நூல் அறுந்தால் ஸ்தோத்திரம், கரண்ட் போனால் ஸ்தோத்திரம். "ஊசி விரல்ல ஏறினப்பகூட ஸ்தோத்திரம் சொன்ன ஒரே பொம்பள இவதான்" என்று அவளுடைய அண்ணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அண்ணன் இறந்துபோன பிறகு இரண்டு பேரும் கடைக்குப் பின்னால் இருந்த அறைகளிலேயே குடியிருந்தார்கள். அண்ணி பொத்தான் கட்டுவாள், ஓரம் மடிப்பாள், வாய் ஓயமாட்டாள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். மற்ற நாட்களில் மிஷினில் உட்காருவதற்கு முன் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம். கடைக்கு வருகிறவர்களுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும், ஆண்டவருக்குத் தன்னால் முடிந்த ஊழியம் அதுதான் என்று நினைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காருகிற பெண் கடைக்கு வந்தாள். வயிறு தெரியத் தெரிய அவளுடைய ஆபீஸ் சட்டைகளைப் பிரித்து விட்டுக் கொடுத்தது அக்காதான். அதே சட்டைகள் இப்போது ஒரு பையில் இருந்தன.

"வாம்மா வா. குட்டி எப்படி இருக்கு? யாரு ஜாடை?"

அந்தப் பெண் பையை மேசைமேல் வைத்தாள். "இதையெல்லாம் பழையபடி பிடிச்சுக் குடுங்கக்கா. திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்."

"அதுக்குள்ளயா? குழந்தைய யாரு பாத்துக்குவா?"

"குழந்தை இல்லக்கா. பொறந்த அன்னிக்கே போயிருச்சு."

அண்ணியின் கையில் பொத்தான் அப்படியே நின்றது. அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை பழக்கத்தில் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளவு பார்க்கப் போனாள். மார்பைச் சுற்றி டேப்பை இழுத்தபோது விரலில் ஈரம் பட்டது. சட்டையின் முன்பக்கம் இரண்டு இடங்களில் நனைந்திருந்தது. துணிக்கு அடியில் காய்ச்சல் கண்டது போலச் சூடு, கல் மாதிரி இறுக்கம். அந்தப் பெண் துப்பட்டாவைச் சட்டென்று இழுத்து மூடிக்கொண்டாள்.

"தானா நின்னுரும்னு டாக்டர் சொன்னாங்க" என்றாள் தரையைப் பார்த்து. "நிக்க மாட்டேங்குது. பக்கத்து வீட்டுல குழந்தை அழுதா இன்னும் வருது."

ஏதாவது சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்குச் சொன்ன வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராக நின்றன.

"மனசத் தளரவிடாதம்மா. ஆண்டவர் எது செஞ்சாலும் நல்லதுக்குத்தான். சின்ன வயசுதானே, அடுத்த வருஷமே இன்னொண்ணு குடுப்பார் பாரு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம்கூட இல்லை. வெகுதூரம் நடந்து வந்தவளின் களைப்புதான் இருந்தது.

"எனக்கு இன்னொண்ணு வேணாம்க்கா. அதுதான் வேணும்."

பையை விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அண்ணிதான் வாயைத் திறந்தாள். "உனக்கு அந்த வாய் ஒண்ணுதான் எதிரி. பச்ச ஒடம்புக்காரி, நெஞ்சு கட்டி நிக்குறா. அவகிட்டப் போயி நல்லதுக்குத்தான்ங்குற."

"ஆறுதலாத்தானே அண்ணி சொன்னேன்."

"யாருக்கு ஆறுதல்? அவ அழுதுருவாளோன்னு உனக்குப் பயம். அதான் சொன்ன."

அக்கா மிஷின் பக்கம் திரும்பினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடினாள். ஜெபம் வரவில்லை. அண்ணி சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தள்ள முடியவில்லை. அந்த ஈரம்தான் விரலில் இன்னும் ஒட்டியிருந்தது போலிருந்தது. திங்கட்கிழமை இவள் கவுண்டரில் உட்காருவாள். முன்னால் வரிசை நிற்கும். வரிசையில் யாராவது ஒருத்தி கைக்குழந்தையோடு நிற்பாள்.

எழுந்து அலமாரியைத் திறந்தாள். பல தடவை துவைத்து மெத்தென்று ஆகிப்போன பருத்தித் துணி ஒன்று இருந்தது. அதை வெட்டி ஓர் உள்சட்டை தைத்தாள். மார்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், நெருக்கக் கூடாது. அதனால் முன்பக்கம் கொக்கிகளை இரண்டு வரிசையாக வைத்தாள். உள்ளே இரண்டு பக்கமும் பை வைத்து, ஈரத்தை இழுக்க மடிப்புத் துணி செருகுகிற மாதிரி செய்தாள். மாற்றிக்கொள்ள மடிப்புகள் நிறைய அடித்தாள். அண்ணி ஒன்றும் கேட்காமல் கொக்கி தைத்துக் கொடுத்தாள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அக்கா கிளம்பியபோது மட்டும், "போ. ஆனா பிரசங்கம் பண்ணாத" என்றாள்.

மாடிக் குடியிருப்பில் அந்தப் பெண்ணின் வீடு. கதவைத் திறந்தவன் புருஷன், லிஃப்ட் மெக்கானிக். சவரம் செய்து பல நாள் ஆன முகம். "அவ தூங்குறா" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வந்தது.

உள் அறையில் ஒரு சுவர் பாதி வரைக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்து அப்படியே நின்றிருந்தது. அந்தச் சுவருக்கு முதுகைக் கொடுத்து அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"மத்தியானம் நான் பேசினது தப்பும்மா" என்றாள் அக்கா. "எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாம வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். மன்னிச்சுக்க."

"எல்லாரும் அதத்தான்க்கா சொல்றாங்க."

அக்கா உள்சட்டையைப் பிரித்துக் காட்டினாள். அந்தப் பெண் அதை வாங்கி, உள்ளே தைத்திருந்த பைகளை விரலால் தடவிப் பார்த்தாள். எதற்கென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. போடுவதற்கு முன் அக்கா குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து அவள் மார்பின்மேல் வைத்தாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சூடேறிய துணியை எடுத்து மறுபடி நனைத்து வைத்தாள். அப்படியே நேரம் போனது. பேச்சில்லாமல் இருப்பது அக்காவுக்குப் புதிது. ஊசியில்லாமல் தைப்பது போல இருந்தது.

பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கி ஒன்றே ஒன்று கேட்டாள். "குழந்தைக்குப் பேர் வச்சிருந்தியாம்மா?"

அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பேரைச் சொன்னாள். ஒரு தடவை சொல்லிவிட்டு, வாய்க்குள் வைத்திருந்து இன்னொரு தடவை சொன்னாள். "யாரும் கேக்கலக்கா. அவன் பொறக்கவே இல்லங்கற மாதிரிதான் எல்லாரும் பேசுறாங்க. தலை நிறைய முடி. மூக்கு அவங்கப்பா மாதிரி…" முடிக்க முடியவில்லை.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. புருஷன் வாசற்படியில் வந்து நின்றான்.

"காதும் என்னைய மாதிரி" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் அதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அவளை நோகவிடக் கூடாது என்று தொட்டிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டிருந்தான், பொம்மைகளை அப்புறப்படுத்தியிருந்தான், பேச்சையும் அவற்றோடு அப்புறப்படுத்தியிருந்தான். மறுநாள் அவள் மயக்கத்தில் கிடந்தபோது குழந்தையை அடக்கம் செய்யப் போனவன் அவன் ஒருத்தன்தான்.

"என்ன துணி போட்டு வச்சீங்க?" என்று அவள் கேட்டாள். "நான் எடுத்து வச்ச வெள்ளைச் சட்டையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆஸ்பத்திரித் துண்டுலதான். பை கட்டிலுக்கு அடியிலேயே இருந்துச்சு. எனக்கு ஞாபகமே வரல."

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது. அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். ஆறுதலாக இருக்க வந்து, இருக்கிற புண்ணையும் கிளறிவிட்டோமே என்று அக்கா நினைத்தாள். சொல்ல நூறு வார்த்தை வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அவளைத் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அவன் தவழ்வது போல வந்து மனைவியின் பாதத்தைப் பிடித்தான். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். ஸ்டாம்ப் வாங்குகிற சாக்கில் அண்ணி போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சட்டை காய்ஞ்சுதான் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு ஆபீஸ் விட்டதும் அந்தப் பெண் சில நாள் கடைக்கு வந்து மிஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவாள். சில நாள் குழந்தையைப் பற்றிச் சொல்வாள். அவனுக்கு இருந்தது ஒரு பகல்தான், சொன்னதையே திரும்பச் சொல்வாள். அக்கா முதல் தடவை கேட்பது போலவே கேட்பாள். அண்ணி வெட்டிப் பேச்சுப் பேசி எப்போதாவது அவளைச் சிரிக்க வைத்துவிடுவாள். சிரித்த பிறகு அவள் குற்றவாளி போல முகத்தைத் துடைத்துக்கொள்வாள். ஒவ்வொரு காலையும் அக்கா செய்த ஜெபம் ஒன்றுதான்: அந்தப் பால் நிற்க வேண்டும், அந்த வேதனையாவது இவளை விட வேண்டும்.

ஒருநாள் அவள் ஆபீஸ் நேரத்திலேயே வந்தாள். படியேறி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நின்னு போச்சுக்கா."

அக்காவின் முகம் மலர்ந்தது. மலர்ந்தது அடுத்த நொடியே வாடியது, ஏனென்றால் அந்தப் பெண் மார்பில் கையை வைத்தபடி, ஏதோ தொலைந்துபோனதைத் தேடுகிறவள் போலத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி முழுக்கப் பாத்தேன். ஒரு சொட்டுகூட இல்ல. அவன் வந்துட்டுப் போனதுக்கு அது ஒண்ணுதான்க்கா எங்கிட்ட இருந்துச்சு. அதுவும் போயிருச்சு."

தான் கேட்ட ஜெபம் கேட்டபடியே கிடைத்திருக்கிறது என்று அக்காவுக்குத் தெரிந்தது. நன்றி சொல்ல நா எழவில்லை. மிஷினை விட்டு எழுந்து வந்து அவளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். அவள் அழுதாள். அக்காவும் அழுதாள், பெற்றவள் போலவே, சத்தம் போட்டு.

சட்டை வாங்க வந்த யாரோ ஒருவர் படியில் காலை வைத்தார். அண்ணி எழுந்து போய், "பொறவு வாங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, பட்டப்பகலில் ஷட்டரை இழுத்து மூடினாள்.